நாற்றம் போன பாத்தி

யாழினி, கபிலா, உங்கள் அப்பாவுக்கு மூளையைவிட மூக்கு பெரிது. அந்த மூக்கை நம்பி நான் செய்த விவசாயத்தைச் சொல்கிறேன்.

வடக்குப்பட்டில் நம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம். கம்பெனி ஹாஸ்டல்களில் செப்டிக் டேங்க் கழிவை உறிஞ்சி எடுக்கிற லாரி ஒருநாள் வாசலில் நின்றது.

"அண்ணே, இத்த கொட்ட ரொம்ப தூரம் போவணும். உங்க தோட்டத்துல வுட்டுடவா? யூரியால்லாம் கிட்ட நிக்காது," என்றார் டிரைவர்.

(உடனே எனக்கு விவசாய விஞ்ஞானி என்ற நினைப்பு வந்துவிட்டது.) குழாயைத் திருப்பச் சொன்னேன்.

உங்கள் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "இன்னாங்க இது? தெருவே நாறிக்கினு கீது! புள்ளைங்க வெளையாட்ற எடம்!"

"நாத்தம் பூட்சுன்னா கிருமியும் பூட்சு. சும்மா இரு," என்றேன். (பத்தாவது பாஸ் ஆன திமிர்.)

வெயிலில் காய்ந்து நாற்றம் போனது. மண்ணை அள்ளி மோந்து பார்த்து, நானே சர்டிபிகேட் கொடுத்து, கொத்தமல்லி விதைத்தேன். காடாக வளர்ந்தது. பச்சையாகவே அரைத்துத் துவையல். பெருமை தாங்காமல் கம்பெனிக்கும் டப்பாவில் கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுத்தேன். இரண்டாம் நாள் மெஷின் பக்கம் ஆளே இல்லை. "யோவ், லைன் இங்க கீதா, கக்கூஸ்ல கீதா?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். கபிலா, நீ சுருண்டு கிடந்தாய். அப்போது உனக்கு மூன்று வயது. அந்தப் பாத்திக்கு வெறுங்காலோடு சிவப்புச் சொம்பில் தண்ணீர் ஊற்றுவது உன் வேலை. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது. அழுதாய், கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

"வெயில்ல நாத்தம்தாங்க போகும். கிருமி, புழு முட்டையெல்லாம் மண்ணுக்குள்ள உயிரோடதான் இருக்கும்," என்றார் டாக்டரம்மா. "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா..." உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ பிழைத்தாய். இப்போது தட்டில் சோறு விழுந்ததும் நீங்கள் இருவரும் மோந்து பார்த்து, "நாத்தம் பூட்சு, கிருமியும் பூட்சு!" என்று கத்துகிறீர்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

கபிலா, அன்று உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வருவதற்கு முன்னால், நான் மட்டும் வந்து செடிகளைப் பிடுங்கிக் குழியில் போட்டேன். சொம்பைப் போட மனம் வரவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்தேன். வெந்நீர் ஊற்றினேன். மூக்கருகே கொண்டுபோனேன்.

ஒரு நாற்றமும் இல்லை.

சொம்பையும் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன்.