மாத்திரைக்கு இரண்டு சாட்சி

பெங்களூரில் போதைச் சாமானைக் கண்டு அதிகம் பயந்த மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு மூன்றையும் எங்கள் அல்சூர் சந்தின் இஸ்திரிக்காரரே தட்டிக்கொண்டு போவார். அதைக் கடத்துகிறவன்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டான். கடைசிக் காலத்தில் அவருக்குக் கிடைக்கவேண்டியிருந்த ஒரே நிம்மதியையும் அந்தப் பயம்தான் வழிமறித்துக்கொண்டு நின்றது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். சந்தில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'மகஜர்'. போலீஸ் எதையாவது பிடித்தால், இந்த இடத்தில், இந்தச் சாமான், இவ்வளவு எடை, இன்னார் கண் முன்னால் எடுக்கப்பட்டது என்று அங்கேயே எழுதி, வெளியாள் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கும். அந்தக் காகிதத்தின் பெயர் மகஜர். கையெழுத்து என்றதும் ஊரில் அத்தனை பேருக்கும் அவசர வேலை வந்துவிடும். பின்னால் கோர்ட்டுக்கு யார் அலைவது? நம்மாள் மட்டும் பெட்டியில் இருந்த கரியை அணைத்துவிட்டு, சட்டைப் பட்டனை மேல்வரை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். மொத்தத்தில் ஏதோ சில தடவைதான் போயிருப்பார். பேச்சைக் கேட்டால் போதை ஒழிப்பு இலாகாவே அவருடைய இஸ்திரி வண்டிக்கு அடியில்தான் இயங்குகிறது என்று தோன்றும்.

அந்தச் சில தடவையில் இன்ஸ்பெக்டர்கள் பேசியதை அரையும் குறையுமாகக் கேட்டு, ஒரு சாஸ்திரமே கட்டி வைத்திருந்தார்.

"சார், உலகத்துல இருக்கிற அத்தினி சாமானும் மூணே கட்சி. தூக்கற கட்சி, இறக்கற கட்சி, காட்டற கட்சி. தூக்கறது மாரை டமடமன்னு அடிக்க வைக்கும், தூக்கம் போயிடும், சும்மா சும்மா பல்லைக் கடிப்பான். இறக்கறது மூச்சையே மெதுவாக்கிடும், கண்ணு பாப்பா கடுகாட்டம் சின்னதாயிடும். காட்டறது இல்லாததை இருக்குன்னு காட்டும்."

"கஞ்சா எந்தக் கட்சி?"

"அது மூணுலயும் மெம்பரு சார். அதான் ஒழிக்க முடியல."

சாஸ்திரம் கையில் இருந்தால் சும்மா இருக்க முடியுமா? காலையில் துணி கொடுக்கப் போகிறவர்கள் கண்ணில் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்ப்பார். ஒருமுறை கட்டுரை முடிக்க விடிய விடிய உட்கார்ந்து, காபியாகக் குடித்துத் தள்ளிவிட்டுப் போய் நின்றேன். டார்ச்சை அடித்தார். "தூக்கியிருக்குது சார். இன்னா சாமான்?" என்றார், பின்னால் துணியோடு நின்ற எதிர்வீட்டு அம்மாள் காதில் நன்றாக விழும்படி. அந்த அம்மாள் அதற்கப்புறம் ஒரு வாரம் என்னைப் பார்த்தால் கதவைச் சாத்தினார்.

மாடிவீட்டு டீச்சருக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் இழுத்தால் கொஞ்ச நேரம் அவருக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். மகஜருக்கு அது போதாதா? "டீச்சர் தூக்கற கட்சி" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். டீச்சர் இறங்கி வந்து, "யோவ், மூச்சு விடறதுக்குக்கூட உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்று போட்ட சத்தத்தில் அல்சூர் ஏரிப் பக்கம் பறவைகள் எழுந்து பறந்ததாகச் சொல்வார்கள்.

முனையில் இருந்த மருந்துக்கடையைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டதுதான் உச்சம். வண்டியிலிருந்து கடை வாசல் நேராகத் தெரியும். யார் எதை வாங்கினாலும் குரல் வரும்: "சீட்டு இருக்குதா? அட்டையில சிவப்புக் கோடு இருக்குதா பாரு!" டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்தின் அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். மகஜருக்கோ சிவப்புக் கோடு போட்டதெல்லாம் போதை. பி.ஜி. விடுதியில் தங்கி ஐ.டி.யில் வேலை பார்த்த ஈரோட்டுப் பையன் கார்த்தி, தொண்டைப் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கினான். டாக்டர் சீட்டு அவன் போனில் இருந்தது, போனில் சார்ஜ் இல்லை. மகஜர் மறித்துக்கொண்டார்.

"அண்ணா, தொண்டை வலிண்ணா. எச்சில் முழுங்க முடியலைங்ணா."

"எல்லாரும் மொதல்ல வலின்னுதான் சொல்லுவாங்க தம்பி. அப்புறம்தான் ஆரம்பிக்கும்."

கார்த்தி போனைச் சார்ஜ் போட விடுதிக்குத் திரும்பினான்.

இத்தனையும் சொல்லும்போது அவருடைய இடது கன்னம் உப்பியிருக்கும். உள்ளே புகையிலை. காலையில் எழுந்ததும் கன்னத்தில் அடக்கினால், சாப்பாட்டு நேரத்தில்தான் துப்புவார். "இது எந்தக் கட்சி மகஜர்?" என்று கேட்டேன் ஒருநாள். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "சார், இது கடையில வெளிப்படையா தொங்குது. அட்டையில புண்ணு படம்கூடப் போட்டிருக்கான். மறைச்சா விக்கிறான்? இதுக்கு எவனாச்சும் மகஜர் எழுதியிருக்கானா?" என்றார். எழுதவில்லைதான். நானும் சிரித்துவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் படத்தில் இருந்த புண் அவர் கன்னத்துக்குள்ளேயே வந்தது. பல் குத்திவிட்டது என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் மஞ்சள் தடவினார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது தாடை எலும்பைத் தொட்டு, கழுத்துக்கும் இறங்கியிருந்தது. வெட்டினார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். மறுபடி வந்தது. இனிமேல் குணப்படுத்த முடியாது, வலி இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் அவர் மனைவி செல்வி அக்காவிடம் சொல்லி அனுப்பிவிட்டார். வலிக்கு எழுதிக் கொடுத்தது மார்ஃபின் மாத்திரை.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அட்டையை எடுத்து நீட்டினாள். மகஜர் பெயரைக் கேட்டார். கேட்டதும் பாயிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"அபின் சாமான்தானே அது?"

"ஹௌதுப்பா, ஆமா, அதிலிருந்துதான் எடுக்கறாங்க. ஆனா இது மருந்து. லைசென்ஸ் இருக்கிற ஆஸ்பத்திரியில மட்டும்தான் தருவாங்க. மிச்சம் இருந்தா திருப்பித் தரணும், காலி அட்டையைக்கூடக் கணக்கு காட்டணும். வலி மூளைக்கு ஏறாம தடுக்கும், அவ்ளோதான்."

"கோர்ட்டுல ஏறி, இந்தச் சாமான்தான்னு சத்தியம் பண்ணின நாக்கும்மா இது. எத்தினி பசங்க உள்ள போனானுங்க. இதே நாக்குல அதை வச்சுக்கிட்டா நான் மனுசனா?"

அவ்வளவுதான். வாயை இறுக்கிக்கொண்டார். வலி வரும்போது சுவரில் தலையை முட்டிக்கொள்வார். பகலில் சந்தில் ஆட்டோ சத்தத்தையும் மீறி அந்த முனகல் கேட்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்த வீட்டைத் தாண்டும்போது ஓடினார்கள். மருந்துக்கடைக்காரர், டீச்சர், நான் எல்லோரும் போய்ப் பேசிப் பார்த்தோம். "அடிமையாயிடுவேன் சார்" என்றார். இன்னும் சில வாரம் இருக்கப்போகிற மனிதர் அடிமையாகிவிடுவேன் என்று பயந்ததைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்து, வண்டி நின்ற இடத்தில் நின்று அழுதேன்.

செல்வி அக்கா ஒருநாள் துணிந்து மாத்திரையைப் பொடித்து ராகிக் கஞ்சியில் கலந்துவிட்டார். மார்ஃபின் எட்டிக்கசப்பு. ஒரு வாயில் மகஜர் கண்டுபிடித்துவிட்டார். கிண்ணம் பறந்தது. சுவரெல்லாம் கஞ்சி. அக்கா முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே, அத்தனை வருஷக் கோபத்தையும் சேர்த்துக் கத்தினார்.

"ஊரான் சாமானுக்கெல்லாம் போய்ச் சாட்சி நின்னியே! உன் சாமானுக்கு ரெண்டு பேரு வந்து நின்னா முழுங்குவியா? சொல்லு, கூட்டியாறேன்!"

ஆத்திரத்தில் சொன்னதுதான். ஆனால் மகஜரின் முனகல் நின்றது. பிறகு குழறலாகச் சொன்னார்: "சொந்தக்காரங்க செல்லாது. வெளியாளு வேணும்."

அக்கா செருப்பு போடாமல் என் வீட்டுக்கு ஓடி வந்தார். போகிற வழியில் கார்த்தி அகப்பட்டான். அவனையும் இழுத்துக்கொண்டு போனோம். மகஜர் சட்டை போட்டுக்கொண்டு, பட்டனை மேல்வரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அட்டையை எங்களிடம் கொடுக்கச் சொன்னார். உறை கிழியவில்லை என்று நாங்கள் இருவரும் பார்த்துச் சொல்ல வேண்டும். கார்த்தி மருந்தின் பெயரையும், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் உரக்கப் படித்தான். இந்த மருந்துக்கு டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று அவனையே சரிபார்க்கச் சொன்னார். கார்த்தி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தான். "இருக்குதுங்ணா. எல்லாம் சரியா இருக்குதுங்ணா" என்றான். அக்கா எங்கள் கண் முன்னால் மாத்திரையை உடைத்து, இரண்டு கரண்டிக்கு நடுவில் நசுக்கித் தண்ணீரில் கரைத்தார். மகஜர் குடித்துவிட்டு, வாயைத் திறந்து காட்டினார். அந்த வாய்க்குள் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

"சாட்சிங்க போலாம்" என்றார்.

நாங்கள் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தோள் தளர்ந்தது. நெற்றிச் சுருக்கம் கலைந்தது. "எந்தக் கட்சி மகஜர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தூக்கல சார். எதையும் காட்டவும் இல்ல. வலி எழுந்து அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கிச்சு."

அன்றிலிருந்து வேளைக்கு இரண்டு சாட்சி. சந்து முறை போட்டுக்கொண்டது. டீச்சர் இன்ஹேலரோடு வந்து நின்றார். மருந்துக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்தார். எதிர்வீட்டு அம்மாள் என் பக்கத்திலேயே நின்று சாட்சி சொன்னார். மகஜர் கொஞ்சம் பேசினார், கொஞ்சம் தூங்கினார், கார்த்தியின் சட்டைக் காலர் மடிப்பு சரியில்லை என்று திட்டினார். மார்ஃபினின் பக்கவிளைவு மலச்சிக்கல். அதற்கும் நர்ஸ் மருந்து கொடுத்திருந்தாள், இவருக்குக் கேட்கவில்லை. "இந்தச் சாமானுக்கு எவன் சார் அடிமை ஆவான்? கக்கூசே வரமாட்டேங்குது" என்று அவர் சொன்னபோது, சாவு வாசலில் நிற்கிற அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார்.

பிறகு பேச்சு போயிற்று. முழுங்குவது சொட்டுச் சொட்டாக ஆயிற்று. ஒருநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டு, சந்தில் முழங்கால் தண்ணீர். மருந்து நேரத்துக்கு வந்து சேர்ந்தது நான் ஒருவன்தான். இன்னொரு சாட்சி இல்லை. அவருக்கு வலி ஆரம்பித்துவிட்டது, விரல்கள் பாயைப் பிறாண்டின. செல்வி அக்கா கரண்டியை வைத்துவிட்டு, "இரு, யாரையாச்சும் கூட்டியாறேன்" என்று எழுந்தார்.

மகஜர் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைக் கையால் காட்டினார். இவள் போதும் என்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. உட்கார்ந்து, அட்டையை எடுத்து, "உறை கிழியல. நான் பார்த்தேன்" என்று சொன்னார். அவர் வாயைத் திறந்தார்.

வெளியே மழை விடுகிற வரைக்கும் நான் அங்கேயே இருந்தேன். அவர் அக்காவின் சேலை நுனியைப் பிடித்தபடியே நன்றாகத் தூங்கினார். இவர் இனிமேல் விழிக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்தத் தூக்கம் கலையாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் சொந்த அப்பாவுக்குக்கூட நான் அவ்வளவு உருகி வேண்டிக்கொண்டதில்லை.