மரக்குளவியின் விண்ணப்பமும் மரங்கொத்தியின் மேசையும்

ஒரு காட்டில் செங்கமலம் என்றொரு மரக்குளவி இருந்தாள். அவள் வயிற்றோரம் ஒரு சின்னப் பை; அந்தப் பைக்குள் ஒரு பூஞ்சை குடியிருந்தது. பைன் மரத்தில் துளைபோட்டு முட்டையிடும்போது கூடவே பூஞ்சையிலும் ஒரு துளி வைப்பது அவள் குல வழக்கம். பூஞ்சை உள்ளே பரவி மரத்தைப் பதமாக்கும். பிள்ளைப் புழுக்கள் அதைத் தின்று வளரும். பூஞ்சைக்குக் கால் கிடையாது, புழுக்களுக்கு வெறும் மரம் செரிக்காது. ஒருவர் தயவில் ஒருவர் என்று வம்புதும்பு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்காக ஓடுவதைப் பார்த்தால் காட்டு நிர்வாகத்துக்குக் கை அரிக்கும் அல்லவா?

துளைபோட அனுமதி வாங்க வேண்டும் என்று அலுவலகம் திறந்தார்கள். எந்த மரத்தில் எந்தப் புழு இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவர் என்பதால் மரங்கொத்தியையே அதிகாரியாக நியமித்தார்கள். இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. அப்போதுதான் விழுந்த ஒரு பைன் மரத்தின் கட்டையை மேசையாகப் போட்டு, அதன்மேல் சுண்ணாம்பால் அரசு உடைமை எண்ணும் எழுதினார்கள்.

செங்கமலம் திங்கட்கிழமை காலையிலேயே வந்து வரிசையில் நின்றாள். மரக்குளவிக்குச் சிறகு முளைத்தபின் ஆயுசு சில நாள்தான். அவள் கணக்குப்படி வியாழக்கிழமை சாயந்தரம் முடிந்துவிடும். அதற்குள் முட்டையிடாவிட்டால் அவள் வம்சமும் பூஞ்சையின் வம்சமும் சேர்ந்தே போச்சு.

முன்னால் ஒரு மரவண்டு நின்றாள். "நல்ல அதிகாரிம்மா. போன மாசம் ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தார். மறுநாள் அவரே நேர்ல வந்து புள்ளைங்களைப் பார்த்துட்டுப் போனார்."

"புள்ளைங்க நல்லா இருக்காங்களா?"

"அதுக்கப்புறம் காணல. அதான் மறுபடியும் விண்ணப்பம் போட வந்திருக்கேன்."

புதன்கிழமை மதியம் செங்கமலத்தின் முறை வந்தது. மரங்கொத்தி விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"முட்டை எவ்வளவு ஆழத்துல இருக்கும்னு தெளிவா எழுதியிருக்கீங்க. சந்தோஷம். கூட ஒரு பூஞ்சைன்னு போட்டிருக்கே, அது உங்களுக்கு என்ன உறவு?"

"உறவெல்லாம் இல்லைங்க சார். என் புள்ளைங்களுக்குச் சமைச்சுப் போடும்."

"அப்போ சமையல்காரர். அதுக்குத் தனி உரிமம் வேணும்."

"சாப்பாடும் அதுதாங்க."

மரங்கொத்தி கண்ணாடியைக் கழற்றினார். "சமையல்காரரையே சாப்பிடுவீங்களா?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் சார்," என்றது பூஞ்சை பைக்குள்ளிருந்து. "எனக்கு ஆட்சேபணை இல்ல. நான் வளர்ந்துக்கிட்டே இருப்பேன்."

"ஆட்சேபணை இல்லைன்னு கைரேகை வெச்சுக் குடுங்க."

"கை இல்லையே சார்."

"அப்போ கை இல்லைன்னு ஒரு சான்றிதழ் வாங்கிக்கிட்டு வெள்ளிக்கிழமை வாங்க."

"வியாழக்கிழமை நான் செத்துடுவேன் சார்," என்றாள் செங்கமலம்.

"பரவாயில்ல. வாரிசை அனுப்புங்க."

"வாரிசு பொறக்கத்தான் சார் இந்த அனுமதியே."

"அடுத்தவங்க வாங்க," என்றார் மரங்கொத்தி.

செங்கமலம் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் மதியம் அதிகாரி சாப்பிடப் போனபோது, பறக்கத் தெம்பில்லாமல் மேசைமேலேயே சாய்ந்துவிட்டாள். மூன்று நாள் வரிசையில் நின்றே வாழ்க்கை முடிந்ததை நினைத்து அழுதாள்.

"அக்கா, அழாதே," என்றது பூஞ்சை. "நீ படுத்திருக்கிறதும் பைன் மரம்தானே. ஈரம்கூட இன்னும் காயல."

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு முட்டையிடும் ஊசியை மேசைக்குள் இறக்கினாள். ஏழு முட்டை, ஏழு துளி பூஞ்சை. சாயந்தரம் செத்துப்போனாள். "விண்ணப்பதாரர் வலியுறுத்தவில்லை" என்று எழுதி மரங்கொத்தி கோப்பை மூடினார்.

சில மாதத்தில் மேசைக்குள் கறுக் கறுக்கென்று மெல்லும் சத்தம் கேட்டது. மரங்கொத்திக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆனால் அரசு உடைமையைக் கொத்தினால் வேலை போய்விடும். அனுமதி கேட்டு மேலதிகாரி ஆமைக்கு எழுதினார். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது: "மேசையைத் தொடக்கூடாது. தங்கள் அலுவலகத்தில் இடைவிடாமல் சத்தம் கேட்பதாகத் தெரிகிறது. சுறுசுறுப்புக்குப் பாராட்டுகள்."

அலகுக்குக் கீழேயே விருந்தை வைத்துக்கொண்டு மரங்கொத்தி பசியில் இளைத்தார். இரண்டாம் வருடம் மேசையில் ஏழு துளை விழுந்தது. ஏழு குளவிகள் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். துளைகள் அதிகாரி உட்காரும் பக்கம் இருந்ததால், வந்தது புது அதிகாரிகள் என்று நினைத்து வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வணக்கம் வைத்தார்கள். மரங்கொத்தியும் எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து நின்றார்.

நீதி: அதிகாரியிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டுமானால் அவருடைய மேசைக்குள்ளேயே பெற்றுப்போடுங்கள், விண்ணப்பம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.