தங்கப்பாண்டியின் மீசையும் நாலு பிஸ்டனும்

"பிஸ்டனா? இப்பத்தானண்ணே ஒருத்தர் வந்து நாலையும் அள்ளிட்டுப் போனாரு."

திருமங்கலத்துப் பழைய இரும்புக்கடைக்காரர் இப்படிச் சொன்னதும் தங்கப்பாண்டிக்குத் தலை சுற்றியது. அந்த அரதப் பழசு ஜீப்புக்கான பிஸ்டன் இந்த உலகத்திலேயே தன் ஒருவனுக்குத்தான் வேண்டும் என்று நினைத்திருந்தான்.

பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவனுக்கு ஜீப் எதற்கு என்று கேட்கக் கூடாது. ஆசைதான். அடிமாட்டு விலைக்கு வாங்கி, விளாங்குடி வீட்டு வாசலில் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தான். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு கல்யாணப் பந்தியில் மனைவியின் அண்ணன் அழகுபாண்டி, "அதுல கோழி அடைக்கலாம் மாப்ள" என்று சிரித்துவிட்டார். இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சித்திரைத் திருவிழாவுக்குள்ள அது ஓடலேன்னா, என் மீசைய எடுத்துடுறேன்!"

எண்ணெய் தடவித் தடவி வளர்த்த மீசை. அத்தனை சொந்தக்காரர்களும் சாட்சி.

பிஸ்டனில் மாட்டும் ரிங் செட்டாவது கிடைக்காதா என்று டவுனுக்கு ஓடினான்.

"காலையிலதான் போச்சுண்ணே."

"வால்வு?"

"அதுவும் அவருதான்."

"எவருய்யா அவரு?"

"நெத்தி நெறையாத் திருநீறு, கையில செப்புக் காப்பு. எல்லாத்தையும் துணியில சுத்திப் பத்திரமாக் கொண்டுபோனாரு."

அந்த அடையாளத்துக்கு ஒரே ஆள்தான்: அழகுபாண்டி. ஆனால் டூவீலரின் பெட்ரோல் மூடியையே ஆள் வைத்துத் திறக்கிறவருக்கு வால்வு எதற்கு? குழம்பிப்போய் அவருக்கே போன் போட்டான்.

"மச்சான், பிஸ்டன் எதுவும் வாங்குனீங்களா?"

"பிஸ்டனா? அது என்னா மாப்ள, மாத்திரையா?"

வீட்டுக்கு வந்து மனைவி தாமரைச்செல்வியிடம் கத்தினான்.

"எங்கண்ணன் அதை வச்சு என்னா செய்யப் போவுது? நீங்க பேசாம புள்ள காதுகுத்து வேலையப் பாருங்க" என்றவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சொந்த வீட்டிலேயே மீசைக்குச் சதி! விடுவானா? டிராக்டர் பிஸ்டன் நாலைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறை முத்திருளனிடம் போய் நின்றான்.

"இது பெருசுண்ணே. இன்ஜின் பிளாக்கக் கடைஞ்சு அகலப்படுத்தணும். அப்புறம் சரியான பிஸ்டன் கெடச்சாலும் உள்ள கலகலன்னு ஆடும். கொஞ்சம் பொறுத்துப் பாப்பமா?"

"என் மீசை பொறுக்காதுய்யா. கடைஞ்சு தள்ளு!"

கடைந்தார். பிஸ்டன் இறங்கியது, ஆனால் அதைக் கோக்கும் பிஸ்டன்-பின் சேரவில்லை. அந்தப் பின் நுழையும் புஷ்ஷைக் கடைந்தார். பின் சேர்ந்தது, பிஸ்டன் மேலே போய் முட்டியது. பிஸ்டன் தலையைச் சீவினார். அதில் ஒன்று ஓட்டையாகிவிட்டது.

"இப்ப என்னாண்ணே செய்ய?" என்றார் முத்திருளன்.

அதைத்தான் தங்கப்பாண்டியும் அவரிடம் கேட்க வாயைத் திறந்திருந்தான்.

திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கையில் மகள் திவ்யாவின் காதுகுத்து வந்தது. கொட்டும் வேட்டுமாகத் தாய்மாமன் சீர் மண்டபத்துக்குள் நுழைந்தது. முன்னால் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அழகுபாண்டி வந்தார். தங்கப்பாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பூத்தட்டு, பழத்தட்டு, பட்டுத்தட்டு எல்லாம் வரிசையாகப் போயின. கடைசியாக அழகுபாண்டியின் பக்கத்து வீட்டு மலையம்மாள் மூச்சு வாங்க வந்து, ஒரு பெரிய தாம்பாளத்தை இவன் முன்னால் நீட்டினாள். வெற்றிலை பாக்குக்கு நடுவே நாலு பிஸ்டன்கள் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. சுற்றிலும் வால்வும் ரிங்கும்.

"சட்டுன்னு வாங்குங்கண்ணே, கை கடுக்குது. தங்கச்சி புருசன் மீசை போயிரக் கூடாதுன்னு உங்க மச்சான் ஊரூரா அலைஞ்சு, உங்க இன்ஜினு அளவுக்கே பாத்து வாங்குனதாம். எதையும் கடைய வேண்டாமாம், அப்படியே மாட்டிர வேண்டியதுதானாம்!"