வைத்தியத்துக்குப் பிராந்தி

இனி சட்டத்துக்கு நான் பயப்படப் போவதில்லை, அதைக் கொண்டே அதை ஏமாற்றுவது என்று ஒரு ஆனி மாதத்து மத்தியானம் தீர்மானித்தேன். அப்படித் தீர்மானித்தவன் சாதாரண ஆள் இல்லை. தென்காசி கோர்ட்டு வக்கீல் நாறும்பூநாதன். நான்தான்.

அன்று காலையில் என் கட்சிக்காரன் பிச்சையாவுக்கு ஆறு மாசம் ஜெயில் என்று தீர்ப்பாகியிருந்தது. ஆய்க்குடிப் பக்கம் பனையேறி. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். அதற்கு லைசென்ஸ் உண்டு. சுண்ணாம்பு குறைந்து புளித்துப்போனால் கள். அதற்கு ஜெயில் உண்டு. அவன் கலயத்தை ஏட்டையா முகர்ந்து பார்த்துக் கள் என்றார். நான் கருணை காட்டச் சொல்லிக் கேட்டேன். காட்டவில்லை. கோர்ட்டு வாசலில் அவன் பெண்சாதி உலகம்மாள் நிறைமாத வயிற்றோடு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

அதே ஏட்டையா குற்றாலத்தில் கஞ்சா புகைக்கும் சாமியாரிடம் விபூதி வாங்கிப் பூசியதை நான் கண்டிருக்கிறேன். புகையிலைக்கோ சர்க்காரே வரி வாங்கிக்கொண்டு வழிவிடுகிறது. பிராந்தி? டாக்டர் சீட்டு இருந்தால் அது மருந்து, பெர்மிட் கிடைக்கும். இப்படிப்பட்ட சட்டத்திடம் நான் மட்டும் ஏன் யோக்கியனாக இருக்க வேண்டும்? மதுவிலக்கிலிருந்து எனக்கு ஒரு விலக்கு வாங்கிக்கொண்டு, சாரலில் குளித்துவிட்டு, சிநேகிதர்களோடு குற்றாலத்தில் உட்காருவது என்று முடிவு செய்தேன்.

டாக்டர் முத்துக்குமாரசாமி என் சிநேகிதர். கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். பெர்மிட் வந்தது. பாட்டிலும் வந்தது. என் மனைவி செண்பகவல்லி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உடம்புக்கு என்ன செய்யுது?"

"சீரணக் கோளாறு. நெஞ்சுல பலவீனம். டாக்டரு எழுதியிருக்காரு."

"இத்தனை நாளா சொல்லலையே."

"நீ பயந்துருவேன்னுதான்."

அவள் பயப்படவில்லை. பாட்டிலை அலமாரியில் லேகியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். ராத்திரிச் சாப்பாடு மோர்க்கஞ்சி, சுட்ட அப்பளம். சாப்பிட்டு முடித்ததும், பிள்ளைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் பிராந்தி வந்தது. அதுவும் பாதிதான்.

"என்ன செண்பகம் இது?"

"மருந்துன்னா அளவு உண்டுல்லா?"

மறுநாள் என் வெற்றிலைப் பெட்டியில் புகையிலையைக் காணோம்.

"நெஞ்சு பலவீனத்துக்குப் புகையிலை ஆகாதாம். டாக்டரு கிட்டக் கேட்டுட்டேன்."

"புகையிலைக்குச் சட்டத்துல தடை இல்லை."

"இந்த வீட்டுல இருக்கு."

சாரல் இறங்கியது. சிநேகிதர்கள் காரோடு வாசலில் வந்து நின்றார்கள். நான் துண்டை எடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அவுகளுக்கு நெஞ்சு பலவீனம். அருவித் தண்ணி ஆகாது. நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி."

எப்படி மறுப்பது? வியாதி பொய் என்றால் பெர்மிட் பொய். பெர்மிட் பொய் என்றால் நான் ஜெயிலில் பிச்சையாவுக்குப் பக்கத்து அறை. கார் இலஞ்சி ரோட்டில் திரும்பிப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கஞ்சி குடித்தேன்.

ஆடி பிறந்தது. என்னால் முடியவில்லை.

"செண்பகம், எனக்குக் குணமாயிட்டு. பெர்மிட்டத் திருப்பிக் குடுத்துருதேன்."

"நல்லது. குணமானவுக என்ன செய்வாக?"

"குற்றாலம் போவாக."

"வக்கீலுன்னா முதல்ல திருநெல்வேலி போவாக. பிச்சையாவுக்கு அப்பீல் போட."

"அந்தக் கேஸ் நிக்காதுட்டி."

"உலகம்மா நேத்து வந்திருந்தா. ஏட்டையா எந்நேரமும் மூக்குப்பொடி போடுதவராமே."

"அதுக்கென்ன?"

"பொடி அடைச்ச மூக்குக்குப் பதநீ எது, கள்ளு எதுன்னு எப்படித் தெரியும்? கேட்டியளா?"

நான் கேட்கவில்லை. கோர்ட்டில் கருணையைக் கேட்டேனே தவிர, மூக்கைக் கேட்கவில்லை. ஒரு மனிதனை ஆறு மாசம் உள்ளே தள்ளியது ஒரு மூக்கு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திருநெல்வேலியில் அப்பீல் போட்டேன். கலயத்தைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, முகர்ந்ததைத் தவிர வேறு சாட்சி கிடையாது, முகர்ந்தவரோ பொடி போடுகிறவர் என்று வாதாடினேன். ஜட்ஜ் தம் கையிலிருந்த பொடி மட்டையை மெதுவாக மேஜைக்குள் வைத்தார். பரிசோதனை ஏன் இல்லை என்று மட்டும் சர்க்கார் வக்கீலைக் கேட்டார். அவர் கேஸ் கட்டைப் புரட்டினார். ஜட்ஜ் பிச்சையாவை விடுதலை செய்தார்.

அவன் ஜெயிலிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். உலகம்மாள் பிள்ளை பெற்று பின்கட்டில் கிடந்தாள். செண்பகம்தான் பிரசவம் பார்க்கக் கூட்டி வந்திருந்தாள். பச்சைப் பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் அவன் உள்ளங்கையை வேட்டியில் திரும்பத் திரும்பத் துடைத்தான். நான் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஆவணியில் ஒருவழியாகக் குற்றாலம் போனேன். அருவி பாறையை ஒட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. டாக்டர் துண்டோடு நின்றிருந்தார்.

"நாடிகூடப் பாக்காம எனக்குச் சீட்டு எழுதிக் குடுத்தீரே, பயமா இல்லையாவே உமக்கு?" என்று கேட்டேன்.

"பயந்தான். அதான் முதல்ல உம்ம வீட்டுல போய்க் கேட்டேன். 'நல்ல பெரிய வியாதியா எழுதிக் குடுங்க டாக்டரே'ன்னு சொன்னாக."