ஒத்தைக்கு ஒரு விசா

குளிமுறிக் கதவுக்கு வெளியே செல்வன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே குழாய் திறந்திருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவன் மனைவி ஜெப்சி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒத்தைக்குத்தான். குடும்பமெல்லாம் வேண்டாம். வயசு ஒரு தடையில்லியே? தூரமா, எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது."

செல்வன் ஓமானில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஓர் ஆணி வெளியே போனாலும் யார் கேட்டது, எதற்குக் கேட்டது என்று விசாரித்துப் பழகிய மனம். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரேயடியாகச் சொந்த ஊரான அருமனைக்கு வந்த பிறகு விசாரிக்க ஆணி இல்லை. வீடு இருந்தது.

நாற்பத்தாறு வயதில் இவளுக்கு எதற்கு வெளிநாடு? அங்கே யார் இருக்கிறார்கள்?

கல்லூரிக்குக் கிளம்பிய மகள் அபிதாவை வழிமறித்தான்.

"மக்களே, அம்ம எங்கயாவது போறேன்னு சொன்னாளா?"

"அதெல்லாம் அம்மைட்ட கேளுங்க" என்றவள் செருப்பை மாட்டாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அப்படியென்றால் இவளுக்கும் தெரியும்.

முதல் வேலையாக பீரோவிலிருந்து ஜெப்சியின் பாஸ்போர்ட்டை எடுத்தான். மஸ்கட்டைக் காட்டுகிறேன் என்று சொல்லி அவன்தான் எடுக்கவைத்தான், காட்டவில்லை. ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரையில், உத்தரத்துக்கு மேலே அதைச் செருகினான். நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது அது சுட்ட அப்பளம்போலச் சுருண்டிருந்தது. இஸ்திரி போட்டு நிமிர்த்தப் பார்த்தான். அட்டை இஸ்திரிப் பெட்டியோடு வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் ஜெப்சியின் தம்பி கபிரியேலிடம் போய்ச் சொன்னான்.

"அத்தான், பாஸ்போர்ட்ட ஒளிச்சா மனசு நிக்குமா?" என்றான் கபிரியேல். "ஆளுவ எதுக்கு வெளிநாட்டுக்குப் போறாவ? இஞ்ச இல்லாதது அங்க இருக்குன்னு போறாவ. அத இஞ்சயே குடுத்துப் பாரும்."

"அங்க அப்பிடி என்னடே இருக்கு?"

"ஒமக்குத்தான் தெரியும். நீரல்லவா இருந்தது."

செல்வன் வழியெல்லாம் யோசித்தான். அங்கே இருந்தது ஒழுங்கு. எந்தச் சாமானுக்கும் ஓர் இடம், ஓர் எண், ஒரு சீட்டு.

அன்று ஜெப்சி கோயிலில் பெண்கள் ஜெபக் கூட்டம் முடிந்து வந்தபோது அடுக்களை ஸ்டோராகியிருந்தது. டப்பாக்கள் ஆங்கில அகரவரிசையில் நின்றன.

"உப்பு எங்க?"

"எஸ்."

"அதென்ன எஸ்?"

"சால்ட்டாக்கும். மேல அஞ்சாவது தட்டு. எடுத்தா இந்த நோட்டுல ஒரு ஒப்பு போட்டிரு."

ஜெப்சி சண்டை போடவில்லை. அதுதான் அவனுக்கு உதைத்தது. போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். செல்வன் வாழைக்குப் பின்னால் பதுங்கினான்.

"இந்த மாசமே ஆவுமா பிள்ளே? கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

இனி கண்ணை விட்டு அகல விடுவதில்லை என்று முடிவெடுத்தான். சந்தைக்கு அவள் போனால் பையோடு அவனும் போனான். சிதறாலில் அவள் அக்கா வீட்டுக்குப் போனால் சகோதரிகள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தான். மகளிர் குழுக் கூட்டத்தில் பதினாலு பெண்களோடு பதினைந்தாவதாக உட்கார்ந்து, தீர்மானத்தில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தினான். திரும்பும்போது பஸ்ஸில் ஜெப்சி அவனுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து ஒரு ஃபைலோடு இறங்கிவிட்டாள். செல்வன் ஈரத் தலையோடு ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனான். அவள் ஏறிப்போனது ஜங்ஷனில் மொபைல் கடைக்கு மேலே, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆபீஸுக்கு. அரைமணி நேரம் கழித்துப் படியிறங்கிய ஜெப்சியின் முகத்தில் சிரிப்பு இருந்தது. எட்டு மாதத்தில் அவன் பார்க்காத சிரிப்பு.

அவள் தலை மறைந்ததும் மேலே ஏறினான். சுவரில் பனிமலைப் படம். அதற்குக் கீழே ஜிஷா என்று பெயர்ப்பட்டை குத்திய ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப வந்திட்டுப் போன ஜெப்சிக்க மாப்பிள நான். அந்த அப்ளிகேஷன நிறுத்தணும்."

"ஏன் அண்ணா?"

"நான் இருந்த எடமாக்கும் அது. ஒத்தைக்குப் பொங்கித் தின்னணும். காய்ச்சல் வந்தா நெத்தியில கை வைக்க ஆளிருக்காது. இருவத்திரண்டு வருசம் நான் கெடந்தது போதாதா? அவளுக்குத் தாங்காது பிள்ளே."

ஜிஷா எழுந்தாள். அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலையும் பக்கத்தில் வைத்தாள்.

"போறது அக்கா இல்ல அண்ணா, நீங்கதான். லீவே குடுக்காத நாடு ஏதாவது இருக்கான்னுதான் அக்கா முதல் நாளே கேட்டாவ."