நூரண்ணையின் அரிக்கன் லாம்பு

வெளிச்சத்தோடு பகை வைத்திருந்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் நூரண்ணைதான். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அக்கராயனில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது அடுத்த காணியில் இருந்தவர். விளக்கை அணைப்பதை எங்கள் பக்கத்தில் ‘நூர்ப்பது’ என்பார்கள். எந்த வீட்டுப் படலையில் நின்றாலும் "விளக்கை நூருங்கோ!" என்பதுதான் அவருடைய வணக்கம். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. முல்லைத்தீவிலிருந்து வந்த துணி வியாபாரி ஒருவர், பெயரைக் கேட்டுத் தம்மவர் என்று நினைத்து ஸலாம் சொல்லிவிட்டு, நெற்றி நிறைய விபூதியைக் கண்டு திகைத்து நின்றார்.

நெருப்புக் குச்சியைச் சவரப் பிளேட்டால் பிளந்து இரண்டாக்குவார். அடுத்தவர் குசினிக்குள்ளும் தலையை நீட்டுவார்.

"சோறு கொதிச்சாப் பிறகு என்னத்துக்குப் பிள்ளை விறகு? கொள்ளியை இழுத்துப்போட்டு மூடி விடுங்கோ. தணலிலை அவியும்."

எரிச்சல் என்னவென்றால், சோறு நன்றாகவே அவிந்தது.

பொழுதுபட்டுச் சாப்பாடு முடிந்ததும் அவர் வீடு இருண்டுவிடும். மனைவி தங்கம்மாக்கா வேலியடியில் வந்து நின்று எங்களோடு கதைத்துக்கொண்டிருப்பார். "விட்டா இவர் நிலவையும் நூர்த்துப்போடுவார், மாஸ்டர்" என்று சிரிப்பார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

ஒரு மாரியில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் தங்கம்மாக்கா போய்விட்டார். எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் காலை பார்க்கிறேன், நூரண்ணையின் விறாந்தையில், நல்ல வெயிலில், அரிக்கன் லாம்பு எரிகிறது. மறந்துவிட்டாராக்கும் என்று திரியை இறக்கப் போனேன்.

"தொடாதேங்கோ மாஸ்டர். எரியட்டும்."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

"அவாவுக்கு இருட்டெண்டாப் பயமாம். கடைசி நாள்தான் சொன்னவா. வேலியடியிலை வந்து நிண்டதெல்லாம் உங்கடை வெளிச்சத்துக்காண்டியாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் இது நூரக்கூடாது. எண்ணெய் நாளைக்குக் காணாது."

மழையில் பாதை உடைந்து, கடையிலும் மண்ணெண்ணெய் இல்லை. விஷயம் பரவியது. அவரிடம் ஏச்சு வாங்கிய பெண்கள் ஆளுக்கொரு போத்தலோடு வந்தார்கள்.

"பிடியுங்கோ அண்ணை. நீங்கள் நூர்க்கச் சொல்லி மிஞ்சின எண்ணெய்தான்."

மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்தியேட்டியன்று பொழுதுபடும்போது லாம்பை நூர்க்க அவருக்குக் கை வரவில்லை. என்னைப் பார்த்தார். நான்தான் நூர்த்தேன். பிறகு வீட்டுக்குப் போய், என் விளக்கைக் கொண்டுவந்து வேலியடியில் அவர் பக்கம் பார்க்க வைத்தேன். "நூருங்கோ!" என்று சத்தம் வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை. ஒருதரம் ஏசியிருந்தாரென்றால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.