நாலாம் தோளின் தலையணை

கடந்த பத்து வருடத்தில் எங்கள் ஒழுங்கை வீடுகளிலிருந்து அவருடைய தோளில் ஏறாமல் சுடலைக்குப் போன பிரேதம் ஒன்றே ஒன்றுதான். யாழ்ப்பாணத்து அரியாலை முழுவதும் அவருக்குப் பெயர் ‘நாலாம் தோள்’. சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

தமிழ்நாட்டிலிருந்து கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூச வந்தவர். கோபுரம் முடிவதற்குள் இங்கேயே ஒருவரைக் கலியாணமும் முடித்துவிட்டார். சில வருடங்களில் அந்த அம்மா காலமானபோது அவருடைய ஆட்கள் எல்லோரும் கனடாவில். பெட்டி தூக்க மூன்று பேர்தான் சேர்ந்தார்கள். நாலாவதாக இவரே தோள் கொடுத்தார். ஆள் குள்ளம். பெட்டி அவர் பக்கம் சரிந்துகொண்டே சுடலை வரைக்கும் போனது.

அதன்பிறகு, தோளில் வைப்பதற்கென்றே இலவம் பஞ்சு அடைத்து ஒரு சின்னத் தலையணை தைத்தார். ஒழுங்கையில் பறைச் சத்தம் கேட்டால் போதும், தலையணையோடு ஆள் வந்து நிற்பார். மற்ற மூவரும் நெட்டையென்றால் அதற்கு மேல் துவாயும் மடித்து வைப்பார். நடக்கும்போது “லெஃப்ட், ரைட்” வேறு. ஒரு முறை, பெட்டிக்கு முன்னால் கைபேசியில் லைவ் காட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்தவரை அதட்டினார்: “தள்ளுங்க சார்! கனடா அப்புறம் பாக்கட்டும், முதல்ல பெட்டி போகட்டும்!”

எங்கள் ஒழுங்கை வாத்தியார் சபாபதி மாஸ்டருக்கு மட்டும் இவரைக் கண்ணில் காட்டக்கூடாது. தன் தமையனின் செத்த வீட்டில், “இஞ்சை உரித்துக்காரர்தான் தூக்கிறது. நீர் ஆர்?” என்று எல்லோர் முன்னிலும் கேட்டுவிட்டார்.

“சரிங்க மாஸ்டர்.” நாலாம் தோள் பந்தலுக்கு வெளியே போய் நின்றார்.

உரித்துக்காரரை எண்ணினார்கள். மூன்று பேர். மாஸ்டர் வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார், கடைசியில் அவரைப் பார்த்தார். நாலாம் தோள் உள்ளே வந்து தலையணையை எடுத்தார்.

சுடலையிலிருந்து திரும்பும்போது என்னிடம் கேட்டார்: “தம்பி, எனக்கு நாலு பேரு சேருவாங்களா?”

“சும்மா இருங்கோ அண்ணை. ஊரே வரும்.”

“ஊரு வேணாம்பா. நாலு பேரு போதும்.”

போன மாரியில் நெஞ்சுவலி வந்து நாலாம் தோளும் போய்விட்டார். லைவில் அழுவதற்கு நிறையப் பேர். பந்தலில் தூக்கக்கூடியவர்கள் நானும் இன்னும் இரண்டு பேரும்.

“உரித்துக்காரர் ஆர்? முன்னுக்கு வாங்கோ,” என்றார் ஐயர். ஒருவரும் அசையவில்லை.

பின்வரிசையில் கதிரை இழுபடும் சத்தம். சபாபதி மாஸ்டர் கெந்திக் கெந்தி வந்தார்.

“ஓம், நான்தான்.”

“மாஸ்டர், உங்கடை முழங்கால்...” என்று இழுத்தேன்.

“கால் கிடக்கட்டும். தோள் இருக்கெல்லே?”

தூக்கினோம். நாலு பேரிலும் நான்தான் குள்ளம். பெட்டி என் பக்கம் சரிந்தது. “இறக்குங்கோ,” என்ற மாஸ்டர், வீட்டுச் சுவரில் தொங்கிய நாலாம் தோளின் பையிலிருந்து தலையணையை எடுத்து வந்து என் தோளில் வைத்தார்.

பஞ்சு நடுவில் அமுங்கிக் கிடந்தது. அவருடைய தோள் பதிந்திருந்த அந்தக் குழிக்குள் என்னுடையது பொருந்தியது. சுடலை வரைக்கும் பெட்டி ஒரு பக்கமும் சரியவில்லை.